வெள்ளை அட்டைகளுக்கு மதிப்பெண் போட்ட கதை

மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை விளையாட்டை நாங்கள் கமாண்டர் முறையில் ஆடுகிறோம்: நான்கு பேர், ஆளுக்கு நூறு அட்டைக் கட்டு (டெக்), அதற்கு ஒரு தலைவர் அட்டை. என் டெக்கில் ஓர் அட்டை மட்டும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டத்தில் அதை மேசையில் வைத்தால், புதிதாக வந்த யாராவது ஒருவர் கட்டாயம் "இது என்ன பண்ணும்?" என்று கேட்பார். நான் போனை எடுத்து ஆங்கில வாசகத்தைக் காட்டுவேன். அந்த அட்டை என்னிடம் வந்து சேர்ந்த கதை, ஒரு புது செட்டின் வெள்ளை அட்டைகளை மட்டும் உட்கார்ந்து எடைபோட்டு நான் அசடு வழிந்த கதையும்தான்.

செட்டின், அதாவது அட்டைத் தொகுப்பின், பெயர் புளூம்பரோ. 2024 ஆகஸ்ட் 2-ம் தேதி வந்தது. மனிதர்களே இல்லாமல் முயல், எலி, தவளை என்று விலங்குகள் மட்டும் வாழும் உலகம். அட்டைகளுக்கு நிறங்கள் உண்டு; என்னுடையது முழு வெள்ளை டெக். தலைவி (கமாண்டர்) அடெலின். நாம் தாக்கும்போதெல்லாம் எதிராளி ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் 1/1 மனித டோக்கன்கள் தாக்கிக்கொண்டே வந்து இறங்கும். டோக்கன் என்றால் டெக்கில் இல்லாமல் ஆட்டத்தின் நடுவே உருவாவது; 1/1 என்றால் தாக்கும் பலம் ஒன்று, தாங்கும் பலம் ஒன்று. நான்கு பேர் மேசையில் அது மூன்று டோக்கன். படைக்குக் குறைவே இல்லை. கையில்தான் அட்டை நிற்காது. வெள்ளை ஆடுபவர்களுக்கு இது பழைய வியாதி. அதனால் இரண்டே விஷயம் தேடினேன்: அட்டை இழுக்க ஒரு வழி, மேசையில் உள்ளதையெல்லாம் துடைக்கும் ஸ்பெல்லில் (மந்திர அட்டையில்) இருந்து தப்ப ஒரு வழி.

காமன்களையும் (சாதாரண ரக அட்டைகளையும்) இரண்டு பேர் ஆட்டத்துக்கு மட்டுமே ஆகும் குட்டி உயிரினங்களையும் ஒரே மாலையில் கழித்துவிட்டேன். மிஞ்சியவற்றை நோட்டில் எழுதி ஐந்துக்கு மதிப்பெண் போட்டேன். கேர்டேக்கர்ஸ் டேலண்டுக்கு 2. பீஸாவுக்கு 1. டான்ஸ் ட்ரூஸுக்கு 5. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். இன்றைக்குப் போடச் சொன்னால் 5, 4, 3 என்று போடுவேன்.

முதலில் கேர்டேக்கர்ஸ் டேலண்ட். மூன்று மனா, அதாவது அட்டையை இறக்கக் கட்டும் விலை. டோக்கன் இறங்கினால் ஓர் அட்டை இழுக்கலாம். முதல் வாசிப்பில் துள்ளிக் குதித்தேன்: அடெலின் மூன்று டோக்கன் தருகிறாள், மூன்று அட்டை! இரண்டாம் வாசிப்பில்தான் "ஒன்றோ அதற்கு மேலோ இறங்கினால்" என்று போட்டிருப்பது கண்ணில் பட்டது. முப்பது டோக்கன் சேர்ந்து வந்தாலும் ஓர் அட்டைதான். கீழே "ஒவ்வொரு டர்னிலும் ஒரு தடவை மட்டும்" என்று இன்னொரு கடிவாளம் வேறு. சரி, ஒரு சுற்றுக்கு ஓர் அட்டை, பரவாயில்லை ரகம் என்று 2 போட்டு மூடிவிட்டேன்.

எங்கள் மேசையில் பச்சை டெக் ஆடும் தம்பி ஒருவன் இருக்கிறான். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒவ்வொரு டர்ன்லயும்னுதானே போட்டிருக்கு? உங்க டர்ன்லன்னு எங்க இருக்கு?" என்றான். எங்கும் இல்லை. நான்கு பேர் ஆடினால் ஒரு சுற்றில் நான்கு டர்ன். போதாததற்கு ஸ்மதரிங் டைத் பல வருடங்களாக என் டெக்கிலேயே குடியிருக்கிறது. எதிராளி அட்டை இழுக்கும்போது இரண்டு மனா கட்டாவிட்டால் எனக்கு ஒரு ட்ரெஷர், செலவழித்தால் ஒரு மனா தருவது. ட்ரெஷரும் டோக்கன்தானே? கேர்டேக்கரில் உயிரின டோக்கன் என்று எங்கும் சொல்லவில்லை. ஆக ஒவ்வொரு எதிராளியும் தன் டர்னில் வழக்கமான அட்டையை இழுத்துவிட்டு மனா கட்டாமல் விட்டால், எனக்கு ஒரு ட்ரெஷர், அதன் பின்னாலேயே ஓர் அட்டை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் எரிச்சல்.

அதற்குள் ஸ்டாண்டர்ட் என்ற இன்னொரு முறையில் ஆடுபவர்களும் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வாரம் பார்த்த விலை எங்கும் இல்லை. ஒரு ராத்திரி, ஒரு கடையில் மட்டும் விலை குறைவாக இருந்தது. யோசிக்காமல் அழுத்தினேன். வந்த உறையைப் பிரித்தால் ஜப்பானிய எழுத்து. அதுவும் மூன்று நிலைகள் கொண்ட கிளாஸ் அட்டை, மேலிருந்து கீழ்வரை எழுத்துதான். கடைக்கு எழுதினேன். மொழி சிறிய எழுத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறது, பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு என்று இரண்டே வரியில் பதில். போய்ப் பார்த்தேன்; போட்டுத்தான் இருந்தார்கள். விலை மற்ற இடங்களைவிடச் சட்டென்று குறைந்திருந்தால் மொழியையும் அட்டையின் நிலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இதைவிட வலித்தது டான்ஸ் ட்ரூஸ். இரண்டே மனாவுக்கு என் பக்கம் உள்ள எல்லாவற்றுக்கும் ஹெக்ஸ்ப்ரூஃப், அதாவது எதிராளி குறிவைக்க முடியாது. எதிராளி ஒருவருக்கு ஓர் அட்டையைப் பரிசாகத் தருவதாகச் சொன்னால் எதுவும் அழியாது. பச்சையின் ஹீரோயிக் இன்டர்வென்ஷன் இனி வெள்ளையிலும் என்று மகிழ்ந்துபோய், நூறு அட்டைக் கணக்கில் இடம் வேண்டுமே என்று டெஃபரிஸ் புரொடெக்‌ஷனை உருவி வெளியே வைத்தேன். மூன்று மனா போய் இரண்டு மனா, லாபம்தானே?

அந்த வாரமே வெள்ளை-நீலம் ஆடும் அண்ணன் ஆறு மனாவுக்கு ஃபேர்வெல் போட்டார். நான் ரொம்ப அலட்டலாக மனா தரும் ப்ளெயின்ஸ் லேண்டுகள் இரண்டைச் சாய்த்து, "டான்ஸ் ட்ரூஸ், பரிசு தம்பிக்கு" என்றேன். தம்பி ஓர் அட்டை இழுத்துக்கொண்டான். அண்ணன் அவசரமே படாமல், "நல்லது. இது அழிக்கிற ஸ்பெல் இல்லப்பா. எக்ஸைல்" என்றார். எக்ஸைல் என்றால் ஆட்டத்தை விட்டே நீக்குவது. ஃபேர்வெல் எதையும் குறிவைப்பதில்லை, அதனால் ஹெக்ஸ்ப்ரூஃப் வீண். எதையும் அழிப்பதில்லை, அதனால் அழியாமையும் வீண். டோக்கன், டைத், கேர்டேக்கர் எல்லாம் போயின. பரிசு மட்டும் தம்பி கையில் பத்திரமாக இருந்தது. டெஃபரி இருந்திருந்தால் என் மேசை முழுக்க ஃபேஸ் அவுட் ஆகி (கொஞ்ச நேரம் இல்லாததுபோல் மறைந்து) அடுத்த டர்ன் திரும்பி வந்திருக்கும். அன்று ராத்திரியே டெஃபரியைத் திரும்பச் செருகிவிட்டேன். ட்ரூஸும் இருக்கிறது, வேறோர் அட்டையின் இடத்தில். ஒரு காப்பு அட்டைக்கு மதிப்பெண் போடும் முன், உங்கள் மேசையில் எந்தெந்தத் துடைப்பு ஸ்பெல் ஓடுகிறது என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் பாதி எக்ஸைல்.

பரிசு பற்றி ஒன்று. ஆட்டத்தில் பின்தங்கியிருப்பவருக்குக் கொடுங்கள். அடுத்த இரண்டு சுற்றுக்கு அவர் உங்களைத் தொட யோசிப்பார். டைத் மேசையில் இருந்தால் அந்தப் பரிசு அட்டைக்கும் அவர் இரண்டு மனா கட்டியாக வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு ட்ரெஷர். பரிசு கொடுத்து வரி வாங்குகிறாயே என்று திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

பீஸாவுக்கு 1 போட்டதற்குக் காரணம், அதை இரண்டு பேர் ஆட்டத்துக் கண்ணால் படித்தது. நான்கு மனாவுக்கு 4/5. இறங்கும்போது, எதிராளி ஒருவரிடம் நம்மைவிட அதிக லேண்ட் இருந்தால் ட்ரெஷர், அதிக உயிர்ப் புள்ளி இருந்தால் நமக்கு 4 உயிர், அதிக உயிரினம் இருந்தால் இரண்டு மீன் டோக்கன், கையில் அதிக அட்டை இருந்தால் ஓர் அட்டை. தோற்றுக்கொண்டிருப்பவனுக்கான ஆறுதல் பரிசு என்று நினைத்தேன். ஆனால் நான்கு நிபந்தனைக்கும் ஒரே எதிராளி வேண்டியதில்லையே. லேண்டில் தம்பி எப்போதும் முன்னால். கையில் அட்டை என்றால் அண்ணன். உயிர் யாரிடமாவது கூட இருக்கும். என் டெக்குக்கு மீன் மட்டும் அநேகமாகக் கிடைக்காது, நான்தான் உயிரினக் கூட்டம் வைத்திருப்பவன். அப்படியும் நாலுக்கு மூன்று. ஆட்டத்தில் முன்னால் இருக்கும்போதே இதெல்லாம் கிடைக்கிறது.

அந்த மீனால் அரை மணி நேரம் வீண். மீன் நீல நிறம், ஆகவே முழு வெள்ளை டெக்கில் பீஸா கூடாது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். டெக்கில் எந்த நிற அட்டை சேரும் என்பதைச் சொல்லும் நிற அடையாளத்துக்கு மனா குறியீடுகளைத்தான் பார்ப்பார்கள். "நீலம்" என்ற சொல் வாசகத்தில் வருவது கணக்கில் சேராது. விதியைத் தேடிக் காட்டுவதற்குள் டீ ஆறிப்போனது.

வாரன் வார்லீடர் விஷயத்தில் மதிப்பெண் சரிதான், 5. ஆடியதில் கோட்டை விட்டேன். நாம் தாக்கும்போதெல்லாம் ஒரு முயல் டோக்கன், அல்லது தாக்குபவை எல்லாவற்றுக்கும் +1/+1. வார்லீடரே தாக்க வேண்டும் என்றுகூட இல்லை. இறங்கிய டர்னிலேயே வீட்டில் உட்கார்ந்தபடி வேலை செய்வார். ஒரு கடைசிக் கட்டம். அண்ணனிடம் 8 உயிர், தடுக்க ஆளில்லை. மூன்று பழைய டோக்கன்களை அவர் மேல் ஏவினேன். அடெலினின் புது மனிதன் ஒருவனும் சேர நான்கு பேர். +1/+1 கிடைத்தால் ஆளுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. முடிந்தது கதை என்று, "அடெலின் ட்ரிகர், மேலே வார்லீடர்" என்றேன். இப்படி ஒரே நேரத்தில் கிளம்பும் விளைவுகள் (ட்ரிகர்கள்) ஸ்டேக் என்ற அடுக்கில் ஏறும்; அதில் கடைசியாக வைத்ததுதான் முதலில் நடக்கும். பழைய மூவருக்கு +1/+1 கிடைத்த பிறகே புது மனிதன் வந்து சேர்ந்தான், வெறும் 1/1-ஆக. ஆறும் ஒன்றும் ஏழு. அண்ணன் ஓர் உயிரோடு நின்றார். அடுத்த டர்னில் மேசையைத் துடைத்தார், ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார். வார்லீடரைக் கீழே வையுங்கள், அடெலினை மேலே வையுங்கள். நான் அட்டை உறையான ஸ்லீவின் பின்பக்கம் சின்ன ஸ்டிக்கர் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். அது குறி வைத்த அட்டை ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

சீசன் ஆஃப் த பரோ ஐந்து மனா, நல்ல அட்டை, அவ்வளவுதான். இன்னும் வாங்கவில்லை. வாசகத்தைத் தாளில் அச்சடித்து, ஒரு ப்ளெயின்ஸுக்கு முன்னால் ஸ்லீவில் செருகி ஆடிக்கொண்டிருக்கிறேன். எல்லா அட்டைக்கும் இப்போது இதே முறைதான். மூன்று சனிக்கிழமை தாளாக ஓடி ஜெயித்தால்தான் காசு.

அப்படித் தாளில் இருந்து தேறியது ஸ்டார்ஃபால் இன்வோகேஷன். எல்லா உயிரினங்களையும் அழிக்கும். பரிசு கொடுத்திருந்தால் அப்படிச் செத்த என் உயிரினங்களில் ஒன்று திரும்பி வரும். அடெலினை ஏற்கெனவே இரண்டு தடவை இறக்கியிருந்தேன். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு மனா கூடும், அடுத்த தடவை ஏழு மனா. ஸ்டார்ஃபாலைப் போட்டு, பரிசைத் தம்பிக்குக் கொடுத்து, அடெலினையே திருப்பி எடுத்தேன். "கமாண்டர் செத்தா கமாண்ட் ஸோனுக்குத்தானே போகணும்?" என்றார் அண்ணன். முதலில் கிரேவ்யார்டுக்குத்தான் (செத்தவை கிடக்கும் குவியலுக்கு) போகும். அங்கிருந்து தலைவரின் தனி இடமான கமாண்ட் ஸோனுக்கு நகர்த்துகிறோமா என்ற கேள்வி ஸ்பெல் முழுவதும் நடந்து முடிந்த பிறகே வரும். அதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் போனை எடுத்து விதியைப் படித்தார், இரண்டு தடவை. காலி மேசையில் அடெலின் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

போன வாரம் கேர்டேக்கர்ஸ் டேலண்டின் ஆங்கிலப் பிரதி ஒன்று நியாயமான விலைக்குக் கண்ணில் பட்டது. வாங்கவில்லை. ஜப்பானிய அட்டையை நான் மேசையில் வைத்ததும் தம்பியே மூன்று நிலைகளையும் கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான்.