சாப்பிடாத சிப்பிப்பாறையும் எடை மெஷின் ஓடாத கிளினிக்கும்

நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஏன் சாப்பிடவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்ன கொடுக்கலாம் என்று மட்டும் ஆளாளுக்குச் சொல்வார்கள். பச்சை முட்டை ஊற்று, ஆட்டுக்கால் சூப் வை, ரெண்டு நாள் பட்டினி போடு, தானா திங்கும். எங்கள் நாய் செவலையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் பாதி இப்படி வந்தது. மீதி கிளினிக்கில்.

செவலை சிப்பிப்பாறை இனம். கோவில்பட்டி பக்கம் சித்தப்பா தோட்டத்தில் வளர்ந்தவன். அவர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதும் மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஒல்லிதான் அதன் உடல்வாகு. வேட்டைக்கு ஓடிய ஜாதி. கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதெல்லாம் கோளாறே இல்லை. "சோறு போடுறீங்களா இல்லையா?" என்று தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பழகிவிடும். ஆனால் செவலைக்கு முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. தட்டை முகர்ந்து பார்ப்பான், கோழித்துண்டை மட்டும் பொறுக்கி ஒரு வாய் எடுப்பான், அதையும் தரையில் வைத்துவிட்டு வாசல்படி ஓரம் போய்ப் படுத்துக்கொள்வான்.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். எடை மெஷின் இருந்தது, ஓடவில்லை. அதன் மேல் மருந்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உதவியாளர் செவலையைத் தலையிலிருந்து வால் வரை ஒரு பார்வை பார்த்தார். "18 கிலோ இருக்கும் சார்" என்று சீட்டில் எழுதினார்.

"எலும்பும் தோலுமா இருக்கான், எப்படிங்க 18 வரும்?"

"நெட்டை நாய் சார், வரும்."

பூச்சி மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு. ஆக, குத்துமதிப்பாக எழுதிய அந்த 18-ஐ வைத்துத்தான் இவனுக்கு மாத்திரை எழுதினார்கள். வீட்டுக்கு வந்து எங்கள் குளியலறை மெஷினில் முதலில் நான் மட்டும் ஏறினேன், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், கழித்துப் பார்த்தேன். 13.6 கிலோ. மாத்திரையைக் கொடுக்காமல் போன் போட்டு அளவைத் திருத்தி வாங்கினேன். நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எடையை வீட்டிலேயே பார்த்து எழுதி எடுத்துப்போங்கள். பூச்சி மாத்திரை, உண்ணி மாத்திரை, ஆன்டிபயாடிக், எல்லாமே எடைக் கணக்குதான்.

அதே கிளினிக்கில்தான் "பிக்கி ஈட்டர் சார், வீட்ல செல்லம் ஜாஸ்தி" என்று ஒரு லிவர் டானிக்கும் பசி சிரப்பும் கொடுத்து அனுப்பினார்கள். ரத்தம் பார்க்கலாமே என்று நானாகத்தான் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தார்கள். லேப் ஆள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார் என்பது எடுத்தவருக்குத் தெரியாதா? திங்கட்கிழமை போனால் "ரத்தம் உறைஞ்சு போச்சு சார், திரும்ப எடுக்கணும்." காசும் திரும்ப. முன்னங்காலில் சிரைத்த முடிகூட அவனுக்கு முளைத்திருக்கவில்லை. உங்கள் நாய்க்கு ரத்தம் எடுக்கும் முன் லேப் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு எடுத்துப்போவார்கள் என்று கேட்டுவிடுங்கள். வார நாளில், காலையில் போங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் இருப்பவர்கள் நேராகக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடலாம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் பரிசோதனைக்கூடம் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இடையில் செல்லப்பிராணிக் கடைக்காரர் எடை கூட்டும் பவுடர் டப்பா ஒன்றைத் தள்ளிவிட்டார். சாப்பாட்டின் மேல் தூவச் சொன்னார். சாப்பாட்டையே தொடாத நாய்க்கு மேலே எதைத் தூவினால் என்ன?

வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் செய்தது, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தது. ஈறு வெளிறியிருந்தது. பல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். பல்வலி இருந்தாலும் நாய் சாப்பாட்டை எடுத்து எடுத்துக் கீழே போடுமாம். கழுத்துக்கடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். "உண்ணி இருந்துச்சா?" என்றார். தோட்டத்து நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்குமா? ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 62,000. நாய்க்கு 2 லட்சத்துக்குக் குறையக் கூடாது. உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா என்ற கிருமி, உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிறது. பல நாய்களுக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, பசியையும் சதையையும் தின்றுவிடும் என்றார். செல்லம் ஜாஸ்தி என்று சொன்னவரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மருந்து டாக்ஸிசைக்ளின், 28 நாள். இங்கேதான் அடுத்த தலைவலி. அந்த மாத்திரையே வயிற்றைப் புரட்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்திதான். சாப்பிடாத நாய்க்கு, சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டிய மாத்திரை! பாலிலோ தயிரிலோ வைத்துக் கொடுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். டாக்டரம்மா வாந்தி நிற்க ஒரு மருந்து சேர்த்து எழுதினார். அது கேட்கத் தொடங்கியதும் அவித்த கோழி ஈரலில் ஒரு சின்னத் துண்டுக்குள் மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தேன், பின்னாலேயே இன்னொரு துண்டு, கொஞ்சம் தண்ணீர். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும், அதற்குத்தான் தண்ணீர். ஒரு வாரத்தில் நாய் துள்ளும், மருந்து போதும் என்று தோன்றும். நிறுத்திவிடாதீர்கள்.

ஈரல் ருசி கண்டதும் வேறு எதையும் தொட மாட்டேன் என்று கொஞ்ச நாள் அடம் பிடித்தான். ஈரலை அப்படியே தொடர முடியாது, வைட்டமின் ஏ அளவு மீறிவிடும். கறிக்கடை பாய் "தம்பி, நாய்க்கா? எலும்பையும் சேர்த்து வேகவச்சுக் குடுங்க" என்று ஒரு பை நிறையக் கொடுத்தார். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சூப் வைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே நிலைமை. வெங்காயம், பூண்டு இல்லாமல் நம் வீடுகளில் சூப் ஏது? இரண்டுமே நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அதைக் கொடுக்க முடியுமா? சூப்பை நான் குடித்துவிட்டு, அருமை என்று சொல்லி அனுப்பினேன்.

பசி திரும்பிய பிறகும் பழக்கம் திரும்பவில்லை. அதற்கு டாக்டரம்மா சொன்ன வழி கேட்க எளிது, செய்ய மனசு கேட்காது. நேரத்துக்குத் தட்டை வை, 20 நிமிஷத்தில் எடுத்துவிடு. ஊட்டாதே, கெஞ்சாதே, பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காதே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நோய் இல்லை என்று ரத்தம் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டிய காரியம் இது. நோயோடு இருக்கும் நாயைப் பட்டினி போடுவது வேறு கதை. ஒரு வேளையாக இருந்ததை நான்கு சின்ன வேளையாகப் பிரித்தேன். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை வெதுவெதுப்பாக்கிய பிறகே வைத்தேன். மணம் எழும்பினால்தான் நாய்க்குச் சாப்பாடு.

எடை ஏறாததற்கு இன்னொரு காரணம் கணக்கில் இருந்தது. தோட்டத்தில் இவனுக்குக் கூழும் கஞ்சியும்தான். தோட்டத்தில் ஓடித் திரிந்து அங்கங்கே தானாகக் கொஞ்சம் பிடித்துத் தின்னும் நாய்க்கு அது போதும். இப்போதிருக்கும் நிலைமையில் கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர ஏறாது, பாதிக்கு மேல் தண்ணீர். 18 கிலோவைக் குறியாக வைத்தால் சும்மா படுத்திருக்கவே நாளைக்கு ஏறக்குறைய 610 கலோரி வேண்டும், தேறுவதற்கு அதில் ஒன்றரை மடங்கு. 100 கிராம் சோற்றில் 130, தோல் நீக்கிய வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் 165, ஒரு முட்டையில் 70 சொச்சம். சோற்றைக் குறைத்துக் கறியையும் முட்டையையும் கூட்டினோம். ஒரு டீஸ்பூன் நெய் சேர்த்தால் 40 சொச்சம் கலோரி அதிகம். ஆனால் எடை ஏறட்டும் என்று நெய்யைக் கரண்டியில் ஊற்றினால் கணையம் வீங்கும், அது உயிருக்கே ஆபத்து. வெறும் கோழியும் சோறும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், ரெடிமேட் உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினோம். அந்த மாற்றத்தில் சிக்கல் எதுவும் இல்லை.

உண்ணிதான் இன்னும் ஓயவில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன், உண்ணி சட்டை பண்ணவே இல்லை. எடைக்கேற்ற உண்ணி மாத்திரை கொடுத்த பிறகுதான் உடம்பில் இருப்பவை செத்து விழுந்தன. ஆனால் இந்தப் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் வெடிப்பில் ஏறி முட்டையிடும். நாயை மட்டும் பார்த்தால் போதாது. கார் ஷெட் சுவரை டார்ச் அடித்துத் தேடிப் பூசி அடைத்தோம், சாக்கை எரித்தோம்.

எடை சரியா என்று பார்க்க மெஷினே வேண்டாம், டாக்டரம்மா காட்டிக்கொடுத்த கை வைத்தியம் ஒன்று இருக்கிறது. கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவிப் பாருங்கள், விலா அப்படி இடறினால் நாய் மெலிவு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை மாதிரி இருந்தால் கொழுப்பு. செவலை இப்போது புறங்கைக்குக் கிட்டே வந்துவிட்டான். 16.9 கிலோ. தட்டை நக்கி நக்கி மொசைக் தரையில் அடுக்களையிலிருந்து ஹால் வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறான், கர்ர்ரென்று அந்தச் சத்தத்தில் டிவி கேட்பதில்லை. யாரும் குறை சொல்வதுமில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. அதற்குள் அப்பாவை ஒரு வழி பண்ண வேண்டும். காலை டீயோடு மாரி பிஸ்கட்டை மேஜைக்கடியில் நீட்டுவதை விடமாட்டேன் என்கிறார். பிஸ்கட் தின்ற அன்றைக்கெல்லாம் முதல் வேளைத் தட்டு அப்படியே இருக்கிறது. கேட்டால், "நான் எங்கே குடுத்தேன், அவனா எடுத்துக்கிட்டான்" என்கிறார்.