கொட்டிலில் நின்றவர்களைக் கௌரவிப்பது

அமெரிக்காவில் சிறுவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தரும் 4-எச் மன்றத்தின் தன்னார்வத் தலைவர் ஒருவருக்கு இருபதாண்டுப் பதக்கம் குத்திவிடுவது எளிது. அந்த இருபது ஆண்டில் அவர் என்ன செய்தார் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னால்தான் விழாக் குழு திணறும். கடைசியில் ‘தன்னலமற்ற சேவை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கால்நடை வளர்ப்பு மன்றங்களில் நடக்கும் வேலையை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல் போதாது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளார்க் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு), 1902இல் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கூட்டிய சிறுவர் மன்றத்தையே 4-எச்சின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணிக்கு நிரந்தர அமைப்பைத் தந்தது. மன்றங்களும் அதற்குள் வந்தன. சம்பளம் வாங்கும் அலுவலர்கள் ஒரு கவுண்டிக்குச் சிலரே. கொட்டில் பக்கத்து வேலை பெரும்பாலும் தன்னார்வத் தலைவர்கள் கையில்தான்.

அந்த வேலையின் நுணுக்கத்தைப் பாருங்கள். வசந்தத்தில் 60 பவுண்டு எடையில் வாங்கிய பன்றிக்குட்டி கோடைக் கண்காட்சிக்குள் 270 பவுண்டு ஆக வேண்டும். நாளுக்கு 1.8 பவுண்டு ஏறினால் ஏறக்குறைய 117 நாள். இந்தக் கணக்கைப் பத்து வயதுப் பிள்ளையே போடும்படி பழக்குபவர் தலைவர். விலங்கை அடையாளம் காட்டும் காது வில்லையைக் காதின் நடுப்பகுதியில், இரண்டு குருத்தெலும்பு வரிகளுக்கு இடையில் குத்தச் சொல்லித்தருபவரும் அவரே. ஓரத்தில் குத்தினால் கம்பியில் மாட்டிக் காது கிழியும். இரத்தக் குழாயில் குத்தினால் இரத்தம் கொட்டும்.

செம்மறிக்கு மாட்டுத் தீவனமோ பன்றித் தீவனமோ போடக்கூடாது என்பதை அவர் ஆண்டுதோறும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் புதுக் குடும்பங்கள் வருகின்றன. அந்தத் தீவனத்திலுள்ள செம்பு ஈரலில் வாரக்கணக்கில் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டியில் ஏற்றி இறக்கும் அலைச்சலில் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களைச் சிதைத்து, சிறுநீர் கறுத்து, ஆடு ஓரிரு நாளில் செத்துப்போகும். காயடித்த கிடாக்களுக்குத் தானியம் மிஞ்சினால் பாஸ்பரஸ் ஏறிச் சிறுநீர்க்கல் அடைக்கும். கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறதா என்று மூட்டைச் சீட்டைப் படிக்க வைப்பதும், தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் அவர் வேலை. ஊசி போட்ட தேதியையும், இறைச்சிக்கு விடுமுன் காத்திருக்க வேண்டிய நாட்களையும் பிள்ளையின் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பார். கண்காட்சி ஏலத்தில் விற்று முடிந்து, தான் வளர்த்த விலங்கைப் பிள்ளை விட்டுவரும்போது பக்கத்தில் நிற்பதும் அவர்தான். இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. கௌரவிக்க இதைவிடப் பெரிய காரணமும் கிடையாது.

ஆகவே பாராட்டுரைக்கான வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் சிக்கல் ஆண்டுக் கணக்கு. 4-எச் ஆண்டு பல மாநிலங்களில் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. காலண்டர் ஆண்டைக் கொண்டு எண்ணினால் ஒன்று கூடும், அல்லது குறையும். பதிவுகள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியபோது பழைய ஆண்டுகள் விடுபட்டிருக்கலாம். கவுண்டி மாறி வந்தவர்களின் முந்தைய சேவை வேறு அலுவலகத்தில் கிடக்கும். கணினி சொல்வதை அப்படியே நம்பாமல், கண்காட்சியின் பழைய பரிசுப் பட்டியல் புத்தகங்களில் கண்காணிப்பாளர் பெயர்களையும், முன்னாள் உறுப்பினர்கள் வீட்டில் வைத்திருக்கும் பதிவேடுகளில் தலைவரின் கையெழுத்தையும் தேட வேண்டும். முப்பதாண்டு உழைத்தவரை மேடையில் ஏற்றி இருபத்தாறு என்று வாசித்தால், அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். மனத்தில் பட்டது ஆறாது.

முன்னாள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதும்போது ‘அவரைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டால் புகழ்மொழிதான் வரும். ‘அவர் கற்றுத்தந்ததில் இன்றும் நீங்கள் செய்வது எது?’ என்று கேளுங்கள். குளம்பு வெட்டும் முறை, பதிவேடு எழுதும் பழக்கம் என்று பொருளுள்ள பதில்கள் வரும். அவற்றிலிருந்தே பாராட்டுரையை எழுதலாம்.

ஏல நாளில் விழா வைக்கவே கூடாது. அன்று பாதிப் பிள்ளைகள் விலங்கைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். தலைவரே ஏலம் நடக்கும் வளையத்துக்குள் நிற்பார். கண்காட்சி முடிந்தபின் இலையுதிர் காலத்தில் நடக்கும் ‘சாதனையாளர் இரவு’ என்ற பரிசளிப்பு விழாவே பொருத்தம். தலைவரின் வாழ்க்கைத் துணைவர் பெயரையும் உரையில் சேர்க்க வேண்டும். கூட்டம் நடந்தது அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான்.

பெயரிட்ட சுழற்கோப்பை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆண்டுதோறும் பெயர் பொறிக்கப் பணம் வேண்டும். குடும்பம் ஊர் மாறினால் கோப்பை அலமாரியில் தங்கிவிடும். அதே பணத்துக்கு அவர் பெயரில் ஓர் எடைமேடையோ, செம்மறிக்கு முடி கத்தரிக்கும் தாங்கியோ வாங்கி மன்றத்துக்கு வைத்தால் பிள்ளைகள் நாள்தோறும் பயன்படுத்துவார்கள்.

பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்களுக்கான பின்னணிச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கக் கேட்கும்போது மூத்தவர்களில் சிலர் புண்படுவார்கள். கௌரவம் என்பதால் அவர்களுக்கு மட்டும் விலக்குத் தரக்கூடாது. எல்லாருக்கும் ஒரே நாளில், அஞ்சலில் அனுப்பாமல் நேரில் பேசிப் படிவத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விலகப் போகிறவரோடு அடுத்தவரை ஒரு முழு ஆண்டு சேர்த்துவிட வேண்டும்: குட்டி வாங்கும் நாள், முதல் எடை, வில்லை குத்துதல், கண்காட்சி, ஏலம், பதிவேடு திருத்துதல் என எல்லாவற்றுக்கும். எந்தக் குடும்பத்தின் கொட்டிலில் காற்றோட்டம் போதாது, எந்தப் பிள்ளைக்குப் பெரிய காளை இன்னும் வேண்டாம் என்பதெல்லாம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அந்த ஆண்டிலேயே அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.