கொல்லிமலைக்குக் கிளம்பும் முன் ஒரு ஏர் கம்ப்ரசர்

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவானதும் நான் முதலில் தேடியது தங்கும் அறையை அல்ல, காருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரை. காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் மேலே போய்ச் சேரும்வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் டயர் இறங்கினால் ஓரங்கட்ட இடம் கிடைப்பதே பெரிய விஷயம். பின் சீட்டில் வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது, வளைவில் ஜாக்கி போட்டு டயர் மாற்றும் நிலைமை வரக்கூடாது என்பதுதான் என் கவலை. மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சராக இருந்தால், கொஞ்சம் அடித்துக்கொண்டு பாதுகாப்பான இடம்வரை ஓட்டிவிடலாம். அந்தக் கொஞ்ச தூரத்துக்காகத்தான் கம்ப்ரசர்.

ஈரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் இருந்தது ஒன்றுதான்: 150 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு). ஒன்று ஆயிரத்துச் சொச்சம், இன்னொன்று நாலாயிரத்தைத் தொடுகிறது, இரண்டிலும் அதே 150. நம் காருக்குத் தேவை 30லிருந்து 36க்குள். அப்படியிருக்க இந்த 150ஐ வைத்து எதை முடிவு செய்வது? கடைக்காரர்களிடம் கேட்டால் "இது பவர் அதிகம் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

விடை திருச்செங்கோட்டில் கிடைத்தது. அங்கே என் மாமா ஒருவர் ரொம்ப காலமாக ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்றாலே நாடு முழுக்கத் திருச்செங்கோடுதான். ஆந்திரா, ராஜஸ்தான் என்று எங்கே போர் போட்டாலும் வண்டியில் 'டி.என்.' நம்பரைப் பார்க்கலாம். அந்த வண்டிகளின் உயிரே கம்ப்ரசர்தான். பாறையைக் குத்தும் ஹேமரை ஓட்டுவதும் காற்று, பொடியான கல்லைக் குழியிலிருந்து மேலே தள்ளிக் கொண்டுவருவதும் காற்று. அவர்கள் கம்ப்ரசரைப் பற்றிப் பேசும்போது "ஆயிரத்து நூறு, முன்னூறு" என்று இரண்டு எண்ணாகத்தான் சொல்வார்கள். முதல் எண் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்பது, இரண்டாவது அழுத்தம். எப்போதும் காற்றின் அளவுதான் முதலில் வரும்.

நான் பெட்டிகளைப் பற்றிச் சொன்னதும் மாமா கேட்டார்: "அழுத்தம் கெடக்கட்டும் கண்ணு. நிமிசத்துக்கு எவ்வளவு காத்துத் தள்ளுதுன்னு போட்டிருக்குதா?"

"சிலதுல லிட்டர் கணக்குல போட்டிருக்குதுங்க மாமா. 20, 35ன்னு."

"அதத்தான் பாக்கோணும். அழுத்தத்த ஒரு சின்ன சிலிண்டர்லகூடக் கொண்டுவந்தரலாம். சைக்கிள் பம்புல வராத அழுத்தமா? காத்து வரோணும்ல."

ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். மாமாவின் வண்டி நிமிடத்துக்கு முப்பதாயிரம் லிட்டருக்கு மேல் தள்ளுகிறது. நமக்கு வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அன்று இரவு பிள்ளைகளின் நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் காரின் டயர் அளவு 165/80 ஆர் 14. உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய 25 லிட்டர். வளிமண்டல அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. என்பதால், முழுக்க இறங்கிய டயரை 33க்கு ஏற்ற 56 லிட்டர் அளவுக்கு வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். 25லிருந்து 33க்கு ஏற்றுவதென்றால் 14 லிட்டர் போதும். நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்ட கம்ப்ரசர் இதை நொடிகளில் முடித்துவிடும் என்று தோன்றும். ஆனால் பெட்டியில் போடும் அந்த அளவு, எதிரில் எந்த அழுத்தமும் இல்லாமல் வெறும் காற்றை ஊதும்போது வருவது. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற வரத்துக் குறைந்துகொண்டே போகும். அதனால் சில கம்பெனிகள் "இந்த அளவு டயரை, பூஜ்யத்திலிருந்து 35க்கு, இத்தனை நிமிடத்தில்" என்று எழுதியிருப்பதைத்தான் நம்பலாம். அந்த வரி இல்லாத பெட்டியை நான் கையிலிருந்து கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது மின்சாரம். காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட் என்று நாம் சொல்லும் 12 வோல்ட் சாக்கெட்டில், பெரும்பாலும் மூடியிலேயே '120 வாட்' என்று எழுதியிருக்கும். அதாவது 10 ஆம்பியர். இரட்டைச் சிலிண்டர் வைத்த பெரிய கம்ப்ரசர்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அவற்றுக்குப் போனட்டைத் திறந்து பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்ட வேண்டும். சாக்கெட்டில் செருகினால் ஃப்யூஸ் போய்விடும், கூடவே போன் சார்ஜரும் நின்றுவிடும். சின்ன காருக்கு இரட்டைச் சிலிண்டர் தேவையே இல்லை. பெரிய ஜீப் டயர் வைத்திருப்பவர்கள், மணலில் ஓட்டுவதற்காகக் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு மறுபடி நான்கு டயருக்கும் ஏற்றுபவர்கள், அவர்களுக்கு அது வேண்டும்.

பேட்டரியோடு வரும் கையடக்க கம்ப்ரசர்களும் இருக்கின்றன. மாமா பையன் பைக்குக்கு ஒன்று வைத்திருக்கிறான், பைக்குக்கு அருமையான பொருள். காருக்கு நான் அதை எடுக்கவில்லை. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் அதன் ஆயுள் குறையும். அவசரம் வரும் நாளில் அதில் சார்ஜ் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. வயரோடு இருப்பதென்றால் இன்ஜின் ஓடும்வரை காற்று வரும். விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லித்தியம் பேட்டரி உள்ளவற்றைக் கைப்பையில் வைப்பதுதான் நல்லது, பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

இன்னும் சில விஷயங்களைக் கடை வாசலிலேயே பார்த்துவிட்டேன். வயரைக் காரில் செருகி, நான்கு டயருக்கும் எட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்தேன். முன்பக்கம் செருகிப் பின் டயர் வரைக்கும் வர வேண்டும். இரண்டு மீட்டர் வயர் உள்ள ஒன்று பின் கதவிலேயே நின்றுவிட்டது. வால்வில் மாட்டும் முனை பித்தளையில் திருகு போட்டதா, பிளாஸ்டிக் நெம்புகோலா என்று பார்த்தேன். நெம்புகோல் டக்கென்று மாட்டிவிடும், ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் நாள்பட உடையும். திருகைக் கழற்றும்போது 'புஸ்'ஸென்று கொஞ்சம் காற்று போகும், அதற்காக ஒரு பாயிண்ட் (அதாவது ஒரு பி.எஸ்.ஐ.) கூடுதலாக வைத்து அடித்தால் சரியாகிவிடும். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதும் முக்கியம். சின்ன மோட்டார் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் சூடாகும், ஆறவிட வேண்டும். பித்தளை முனையும் நன்றாகச் சுடும், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

கடைசியில் வாங்கியது: ஒற்றைச் சிலிண்டர், இரும்பு உடம்பு, 10 ஆம்பியருக்குள் இழுப்பது, நிமிடத்துக்கு 35 லிட்டர், மூன்று மீட்டருக்கு மேல் வயர், வைத்த அளவு வந்ததும் தானாக நிற்கும் வசதி. இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். அதோடு தனியாக ஒரு பிரஷர் கேஜும், டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் ஸ்ட்ரிப் கிட்டும் (ஓட்டையில் திணித்து அடைக்கும் ரப்பர் பட்டைகள்). கம்ப்ரசரில் உள்ள மீட்டர் சொல்வதைத் தனி கேஜோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொண்டால், எத்தனை பாயிண்ட் வித்தியாசம் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

கிளம்பும் நாள் விடிகாலை, வண்டியை எடுக்கும் முன், வாசலிலேயே நான்கு டயரும் ஸ்டெப்னியும் பார்த்தோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை என்று இருக்கும், எங்களுக்கு 33. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. பெட்ரோல் பங்கில் இலவசமாகக் காற்றுத் தர வேண்டுமென்று விதி இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. வீட்டு வாசலில் கம்ப்ரசர் இருப்பதன் பெரிய லாபமாக நான் நினைப்பது இதைத்தான்.

நாமக்கல்லில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டோம். மேற்கூரை இல்லாமல் 18 அடி உயரத்தில் வெட்டவெளியில் நிற்பவர், அம்மாவுக்கு அவரைப் பார்க்காமல் நாமக்கல்லைத் தாண்ட முடியாது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அதற்குப் பிறகு பேச்சுக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை, மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். மேலே வர வர மிளகுக்கொடியும் காப்பிச் செடியும், ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று.

சோளக்காடு என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது மச்சினன் கேஜை எடுத்துப் பார்த்துவிட்டு, "36 காட்டுதுங்க மாமா. மலைக்கு மேல வந்தா காத்து ஏறுமாம், கொஞ்சம் எறக்கிரலாங்களா?" என்றான். மலையேறினால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அதில் பாதி உண்மை. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்குமான வித்தியாசத்தை என்பதால், ஆயிரம் மீட்டர் ஏறினால் ஒன்றரை பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிரும் இருக்கிறது. வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தமும் ஒரு பாயிண்டுக்கு மேல் இறங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அப்போது காட்டிய 36, வளைவுகளில் ஏறி வந்த சூடு. அந்த நேரத்தில் 33க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலை ஏறக்குறைய 30க்கு வந்துவிடும். காற்றுக் குறைந்த டயரோடு வளைவில் திரும்பினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். இறங்கும்போது அதுதான் ஆபத்து. "நாளைக்குக் காலைல பாப்போம்" என்று சொல்லி விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை செம்மேட்டில், அறை வாசலில் பார்த்தோம். மூன்று டயர் 33, ஒரு பாயிண்ட் முன்னே பின்னே. பின் இடது டயர் 22. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டியூப்லெஸ் டயர் அப்படித்தான், நன்றாக இறங்கும்வரை முகத்தில் காட்டாது. காரை ஒரு சுற்று நகர்த்தியதும் பட்டையின் நடுவில் ஆணித்தலை தெரிந்தது. பஞ்சர் கடை திறக்க நேரமாகும் என்றார் அறைக்காரர்.

இன்ஜினை ஓடவிட்டு, 34 வைத்து, பொத்தானை அழுத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம், அதைத் தவிர்க்க வழியில்லை. இரண்டு நிமிடத்துக்குள் தானாக நின்றது. ஆணியைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் உடனே ஸ்ட்ரிப் போட்டாக வேண்டும், கடை திறந்ததும் அங்கே டயரின் உள்பக்கம் பார்த்துச் செய்வதே மேல். நடுப்பட்டையில் குத்தியதால் ஒட்டலாம். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் ஸ்ட்ரிப்பும் உதவாது, ஸ்டெப்னிதான். 2020ல் விதியைத் திருத்தியதிலிருந்து, டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலும் கார் விற்கலாம். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் மலைக்குப் போகும் முன் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அரை மணி கழித்துப் பார்த்தபோது ஒரு பாயிண்ட்கூட முழுதாக இறங்கியிருக்கவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு, வல்வில் ஓரி சிலைவரை நடந்து போய் இட்லி சாப்பிட்டு வந்தோம். கடை திறந்ததும் ஒட்டிக்கொண்டு அறப்பளீசுவரர் கோவிலுக்குக் கிளம்பினோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போது முழங்கால் பேசும். அம்மா கோவிலிலேயே இருந்துகொண்டார். அருவியடியில் நின்ற அந்த அரை மணி நேரத்துக்காக மறுபடியும் இந்த மலைக்கு வருவேன்.

திரும்பும் வழியில் திருச்செங்கோட்டில் மாமா கம்ப்ரசரைக் கையில் வாங்கி எடை பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொல்லி, முனையில் கையை வைத்துக் காற்று வருவதைப் பார்த்தார். "பரவால்ல, காத்து வருது" என்றவர், தன் பிக்கப் வண்டிக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாரம் ஏற்றும் அந்தப் பின் டயர்களுக்கு 50க்கு மேல் வேண்டும், உள்ளே இடமும் அதிகம். இது ஒரு டயரை முடிப்பதற்குள் சூடாகி ஓய்வு கேட்கும். அவருக்குப் பேட்டரியில் கிளிப் மாட்டும் இரட்டைச் சிலிண்டர்தான் சரி. அடுத்த வாரம் ஈரோட்டுக்கு வரும்போது சேர்ந்து போய்ப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். வயர் நீளம் பார்க்க பிக்கப்பையே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.