எங்கள் பள்ளிக்கு என்.சி.சி. வந்த கதை

எங்கள் பள்ளிக்கு என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, வேண்டும் என்று விண்ணப்பம் போட்டது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே. கேட்டவுடன் கிடைக்கிற விஷயமில்லை அது. நாடு முழுக்க இத்தனை கேடட்டுகள்தான் (படையில் சேரும் மாணவர்கள்) என்று அரசு ஒதுக்கிய எண்ணிக்கை உண்டு. எங்காவது ஒரு பள்ளி கைவிட்டால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த பள்ளிக்குப் போகும். 2020 சுதந்திர தின உரையில், எல்லையோரமும் கடலோரமுமாக 173 மாவட்டங்களில் ஒரு லட்சம் கேடட்டுகளைப் புதிதாகச் சேர்க்கப்போவதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளாக இருப்பார்கள் என்றும் பிரதமர் அறிவித்தார். எங்களுடையது கடலோர மாவட்டம். அதற்கப்புறம்தான் எங்கள் கோப்பு நகர்ந்தது.

யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி வந்தபோது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் திடீரென்று விடைத்தாள் திருத்துகிற வேலை வந்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெறப்போகிறவர். அதிகாரி ஆவதற்கு வயது வரம்பு இருக்கிறது. கணக்கு வாத்தியாரான நான் மாட்டினேன். நாக்பூர் பக்கத்தில் காம்ப்டியில் இருக்கும் பயிற்சிக் கழகத்துக்குப் போய் முடித்து வந்தால் ‘தேர்டு ஆபீசர்’ என்ற பதவி. அதுவரை ‘கேர்டேக்கர்’, அதாவது வேலை முழுக்க உண்டு, தோளில் நட்சத்திரம் கிடையாது.

முதலில் 50 பேர். பெயர் கொடுக்க வந்த கூட்டம் அதைவிடப் பெரியது. தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலை நீட்டினார், உடற்கல்வி ஆசிரியர் உயரத்தைப் பார்த்தார். எங்கள் பகுதி என்.சி.சி.யை நடத்தும் பட்டாலியனிலிருந்து பயிற்சி தர வந்த ராணுவ ஹவில்தார் இரண்டையும் பார்க்கவில்லை. எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, மூச்சு வாங்கியபடி நின்றவர்களிடம் ஒரு சின்ன வேலை சொன்னார்: நூலக வாசலில் இருக்கும் பெஞ்சை இங்கே கொண்டு வா. யார் ஓடினார்கள், யார் பக்கத்தில் நின்றவனைக் கைகாட்டினார்கள் என்று தன் காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஆள் எடுக்க இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெற்றோரிடம் பேசுவதுதான் பெரிய வேலை. “பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிடுவாங்களா சார்?” என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். என்.சி.சி.யில் சேர்ந்ததால் ராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொன்னேன். சட்டத்தைவிட, “ஞாயித்துக்கிழமை வீட்டுலதாம்மா இருப்பான்” என்று சொன்னதுதான் அவருக்குத் தெம்பு தந்தது. மற்றவர்களின் பயம் பத்தாம் வகுப்புத் தேர்வு. பள்ளிப் பிரிவில் இரண்டு வருடப் பயிற்சி, முடிவில் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு. ஒன்பதில் சேர்த்தால் அது பத்தாம் வகுப்பில் வந்து முட்டும். அதனால் எட்டாம் வகுப்பிலேயே எடுப்பது என்று முடிவு செய்தோம்.

ஹவில்தார் ராஜஸ்தான்காரர். சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இயல்பாக நில்), தேஸ் சல் (வேகமாக நட) என்ற இந்திக் கட்டளைகள் எல்லாம் ஒரே வாரத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. உடம்புதான் வழிக்கு வரவில்லை. ‘தேஸ் சல்’ என்றதும் சிலருக்கு வலது காலோடு வலது கையும் சேர்ந்து முன்னால் வரும். திட்டத் திட்ட அது இன்னும் மோசமாகும். ஹவில்தார் அப்படிப்பட்டவர்களைத் தனியே அழைத்து, சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்து, கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கி வரச் சொல்வார். பையன் சாதாரணமாக நடந்து போகும்போது பின்னாலிருந்து மெதுவாக, “ஏக், தோ, ஏக்” என்று எண்ண ஆரம்பிப்பார். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கை சரியாகிவிடும். அந்த மாதம் எங்கள் ஸ்டோர் ரூமில் தீப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை.

பரேடு முடிந்ததும் சிற்றுண்டி. எங்கள் பள்ளியில் அது பூரி கிழங்கும் முட்டையும். சனிக்கிழமை வருகை குறையாததற்கு தேசபக்தி மட்டுமே காரணம் என்று சொன்னால் சமையல்காரர் கோபித்துக்கொள்வார். ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும் என்ற விதியைவிட அந்த முட்டைக்கு மதிப்பு அதிகம்.

அணிவகுப்புக்கு வெளியே என் நேரத்தைத் தின்றது பூட்ஸ். வந்த ஜோடிகளில் பாதி எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது படகு. பழைய செய்தித்தாளை நுனியில் திணித்துக்கொண்டு நடந்தார்கள். பெரே தொப்பி, அதில் செருகும் சிவப்பு இறகுக் குஞ்சமான ஹேக்கிள், பெல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் கையெழுத்து. ஹேக்கிள் ஒன்று தொலைந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இரண்டாம் வருடம் புதிதாக 50 பேர் வந்தார்கள், ஹவில்தாரின் வருகையோ குறைந்தது. அவருக்கு வேறு பள்ளிகளும் சேர்ந்துவிட்டன. புதியவர்களுக்குப் பழையவர்களே சொல்லித்தர வேண்டிய நிலை. எங்கள் பள்ளியில் என்.சி.சி. உண்மையில் தொடங்கியது அப்போதுதான் என்பேன். கார்ப்பரல் ஆக்கப்பட்ட ஒரு பெண் தானாகவே ஒரு நோட்டுப் போட்டாள். யாருக்கு என்ன சைஸ், யாருக்குக் கால் வளர்ந்துவிட்டது, யாருடைய பழைய ஜோடி யாருக்குப் பொருந்தும் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். நான் ஒரு வருடமாகப் பட்டாலியனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சிக்கலில் பெரும்பகுதி அந்த நோட்டால் ஒரே மாலையில் தீர்ந்தது. இன்னொரு நாள் வரிசை கோணியிருக்கிறதே என்று நான் நடுவில் புகுந்தேன். சார்ஜென்ட் பையன் மரியாதையாக, “சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க” என்றான். நின்றேன்.

இப்போது குடைச்சல் வேறு. பெண் கேடட்டுகளை முகாமுக்கு அனுப்பக் கூடவே ஆசிரியை ஒருவர் போக வேண்டும். பத்து நாள் வீட்டை விட்டுவிட்டு யார் வருவார்கள்? சென்ற முறை தேர்வாகியும் சில பிள்ளைகள் போக முடியாமல் போனது. அறிவியல் ஆசிரியை ஒருவர் குவாலியரில் பெண்களுக்கான பயிற்சிக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். அவருடைய பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியையின் வகுப்புகளை அதுவரை யார் எடுப்பது என்று தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை பேச வேண்டும். கணக்கு வாத்தியார்தான் அறிவியலும் எடுப்பார் என்று சொல்லப்போகிறார்.