ஃப்ரெட்டி படம்: எல்லாரும் அழுத இடமும் அக்கா கோவப்பட்ட இடமும்

குயீன்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டுல பாடுன ஃப்ரெட்டி மெர்குரியோட கதையச் சொல்ற பொஹீமியன் ராப்சடி படம் 2018-ல வந்துச்சு, இன்னும் அதப் பத்தின சண்டை ஓயல. விமர்சனம் எழுதுறவங்கள்ல நெறையப் பேரு அப்பவே கழுவி ஊத்துனாங்க. வழக்கமான பாட்டுக்காரன் கதைதான், வருஷமெல்லாம் மாத்திப் போட்டாய்ங்க, ஃப்ரெட்டி மெர்குரி வாழ்க்கையில சங்கடமான பக்கத்தையெல்லாம் பூசி மெழுகிட்டாய்ங்கன்னு. ஜனங்க அதக் காதுலயே வாங்கல. உலகம் பூரா 90 கோடி டாலருக்கு மேல வசூலு, ஃப்ரெட்டியா நடிச்ச ராமி மாலெக்குக்கு சிறந்த நடிகர் ஆஸ்கரு, அதோட சேர்த்து மொத்தம் 4 ஆஸ்கர் வாங்குச்சு. தென்கொரியாவுல மட்டும் கிட்டத்தட்ட 1 கோடி டிக்கெட் வித்திருக்கு, அங்க தியேட்டருக்குள்ளயே எந்திரிச்சு நின்னு கூடப் பாடுறதுக்குன்னே தனி ஷோ போட்டாங்க, ஒரே ஆளு திரும்பத் திரும்பப் போயிப் பாத்தாங்க.

எனக்கு இதுல ஜனங்க பக்கம்தான் மனசு. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அந்த ஜனங்களையே இந்தப் படம் ஏமாத்திருச்சுன்னு நெனைக்கிறேன், அதுவும் எனக்கா தோணல, எங்க அக்கா சொல்லித்தான் உறைச்சுச்சு, அதத்தான் எழுத உக்காந்தேன்.

எங்க அப்பா மதுரையில ரொம்பக் காலம் ஆர்கெஸ்ட்ராவுல ட்ரம்ஸ் வாசிச்சவரு. தமுக்கத்துல சித்திரைப் பொருட்காட்சி மேடை, சோழவந்தான் பக்கம், மேலூர் பக்கம் கோயில் பொங்கலு, கல்யாண ரிசப்ஷன்னு வாசிக்காத எடம் இல்ல. சின்ன வயசுல ரீகல் தியேட்டர்ல இங்கிலீஷ் படமாப் பாத்து வளர்ந்த ஆளு வேற. அதனால அவரு கூட்டாளிங்க நாலஞ்சு பேரையும் வீட்டு ஆளுங்களையும் கூப்பிட்டு, தெரிஞ்ச சவுண்ட் சர்வீஸ்காரர்ட்ட ரெண்டு பாக்ஸும் ஒரு புரொஜெக்டரும் வாங்கி, திருப்பாலையில எங்க வீட்டு மொட்ட மாடியில வேட்டிய இழுத்துக் கட்டி இந்தப் படத்தப் போட்டோம்.

ஆர்கெஸ்ட்ரா ஆளுங்களோட படம் பாக்குறது தனி அனுபவம். கதை என்னன்னே பாக்க மாட்டாங்க. மைக் ஸ்டாண்டுல பாதி ஒடிஞ்சு கையோட வர்ற சீனுக்குக் கைதட்டுனாங்க, டேப்ப திரும்பத் திரும்ப ஓட்டி கொரலு மேல கொரலு அடுக்கி பொஹீமியன் ராப்சடி பாட்டுல வர்ற ஓப்பரா பகுதிய ரெக்கார்ட் பண்ற சீனுக்கு ஒருத்தரும் மூச்சு விடல, 1975-ல கம்ப்யூட்டர் கிடையாது, 24 ட்ராக் டேப்புதான், அதுல திரும்பத் திரும்ப ஏத்தி ஏத்தி ஒரு கோயில் கூட்டமே பாடுற மாதிரி மூணு பேரு பாடி வெச்சிருக்காங்க, பேடு வாசிக்கிற மாமா அத நிறுத்தச் சொல்லி ரெண்டாவது தடவ கேட்டாரு. 5 நிமிஷம் 55 செகண்டு பாட்டு, இம்புட்டு நீளப் பாட்ட ரேடியோவுல எவன் போடுவான்னு படத்துல ஒரு கம்பெனி ஆளு தூக்கிப் போடுவாரே, அந்த ஆளு கற்பனைக் கேரக்டர்தான், ஆனா அந்தச் சீனுல எல்லாரும் ஆளாளுக்கு அவங்க வாங்குன ஏச்சச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

அம்மாவுக்குப் புடிச்சது வேற. ஃப்ரெட்டியோட நெசப் பேரு ஃபரூக் புல்சாரா, அந்தப் பார்சி வீட்டுப் பையன் ஆப்பிரிக்கா பக்கம் சான்சிபார் தீவுல பொறந்து, நம்ம பம்பாய்க்கு அங்கிட்டு இருக்கிற பஞ்சகனியில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சு, அங்கதான் ஸ்கூல் பசங்களோட சேர்ந்து மொத பேண்டு ஆரம்பிச்சான்னு நான் சொன்னதும், அதக் காட்டவே இல்லயேப்பான்னு கேட்டாங்க. எட்டு வயசுல புள்ளைய கப்பல்ல ஏத்தி அனுப்புன தாயி மனசு என்னவா இருந்திருக்கும்னு அவங்களுக்கு அதுதான் கவல. படத்துல அவரு கதை 1970-ல லண்டன் ஏர்போர்ட்டுல பெட்டி தூக்குற எடத்துல ஆரம்பிக்கிது, அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் ரெண்டு போட்டோவோட போயிருச்சு. கடைசியில நல்ல எண்ணம், நல்ல சொல்லு, நல்ல செயலுன்னு சொல்லி ஃப்ரெட்டி தன்னோட அப்பாவக் கட்டிப் புடிக்கிற சீன்ல அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, அப்பா தொண்டையச் செருமுனாரு.

அப்புறம் அந்த லைவ் எய்ட், எத்தியோப்பியா பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடத்துன பெரிய கச்சேரி. 1985 ஜூலை 13, வெம்ப்ளி ஸ்டேடியம், 72,000 பேரு. படத்துல மேனேஜரு சத்தமில்லாம மிக்சர் கிட்டப் போயி வால்யூமை ஏத்தி விடுற எடத்துல கீபோர்டு அண்ணே விசிலடிச்சாரு. ரேடியோ காகா பாட்டுக்கு அம்புட்டு ஜனமும் தலைக்கு மேல கையத் தூக்கி ரெட்டைத் தட்டா தட்டும்போது அப்பாவும் தட்டுனாரு, பக்கத்து மாடியில துணி எடுக்க வந்த அக்காவும் அவங்க பிள்ளைகளும் கைப்பிடிச் சுவர்ல நின்னு தட்டுனாங்க, அவங்களுக்கு படமும் தெரியாது பாட்டும் தெரியாது. அப்பா என்கிட்டத் திரும்பி, தம்பி, பெரிய மைதானத்துல பின்னாடி நிக்கிறவன் காதுக்கு சத்தம் லேட்டாத்தான் போகும், கைதட்டு அலையலையாத்தான் வரும், அதுக்குள்ள டெம்போவ விடாமப் புடிச்சிருக்காரு பாரு அந்த ட்ரம்மர்னாரு. அந்த ஏ...ஓன்னு ஃப்ரெட்டி இழுக்க ஜனம் திருப்பி இழுக்கிற எடம், அதுல ஒரு பாட்டும் இல்ல ஒரு வார்த்தையும் இல்ல, ஆனா எங்க மாடியில எல்லாரும் பாடுனாங்க. கொரியாவுல ஏன் எந்திரிச்சு நின்னாங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுச்சு. கதை தேஞ்சு போன கதையா இருக்கட்டும், அந்த இருபது நிமிஷம் கூட்டத்தோட கூட்டமாப் பாடுறதுக்குத்தான் ஜனங்க காசு குடுத்தாங்க, அதுல தப்பே இல்ல, அத மதிக்காம விமர்சனம் எழுதுனா அது பாதி விமர்சனந்தான்.

இதுல பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, மட்டும் கைதட்டல.

அவங்க ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையத்துல கவுன்சிலரு. எச்ஐவி டெஸ்ட் எடுக்க வர்றவங்களுக்கு முன்னாடி பேசி, ரிசல்ட் குடுத்து, அப்புறமும் பேசுறது அவங்க வேல. படத்துல லைவ் எய்டுக்கு முன்னாடி ஃப்ரெட்டி டாக்டர் ரூம்ல உக்காந்து ரிசல்ட் கேப்பாரு, வெளிய வரும்போது வராண்டாவுல உக்காந்திருக்கிற ஒரு சின்னப் பையன் இவர அடையாளம் கண்டுக்கிட்டு மெதுவா ஏ...ஓன்னு சொல்லுவான். அதுக்கு அழாத ஆளு இல்ல. அதுக்கப்புறம் ரிகர்சல்ல பேண்டு ஆளுங்ககிட்டச் சொல்லுவாரு. அதுக்கப்புறம் மேடை. அக்கா படம் முடியிற வரைக்கும் ஒண்ணும் சொல்லல, முடிஞ்சதும் கேட்டாங்க, டேய், நெசமாவே அந்த வருஷமாடா அவருக்குத் தெரிஞ்சுச்சு?

இல்ல. அவரோட கடைசிவரை கூட இருந்த ஜிம் ஹட்டன் எழுதுனபடி பாத்தா 1987-லதான் தெரிய வந்துச்சு. லைவ் எய்டு முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு. பேண்டு ஆளுங்களுக்குச் சொன்னது இன்னும் பின்னாடி. லைவ் எய்டுக்கு முன்னாடி குயீன் பிரிஞ்சு போயிருந்தாங்கன்னு காட்டுறதும் நெசமில்ல, அதே 1985 மே மாசம் வரைக்கும் ஊர் ஊராக் கச்சேரி பண்ணிட்டுத்தான் இருந்தாங்க. அடுத்த வருஷம் 1986-ல ஐரோப்பா பூரா பெரிய டூர் போனாங்க, ஆகஸ்ட் 9-ல நெப்வொர்த்துல பண்ணதுதான் ஃப்ரெட்டியோட கடைசிக் கச்சேரி. அதாவது வெம்ப்ளி மேடையில நாம பாத்து அழுதது சாகப்போறம்னு தெரிஞ்ச ஒரு ஆளு கடைசியா மூச்சக் குடுத்துப் பாடுனது இல்ல. 38 வயசுல தன்னோட தொழில்ல உச்சத்துல நின்ன ஒரு பாட்டுக்காரரு அன்னைக்கு மதியமும் சாயங்காலமும் வந்த அத்தனை பேரையும் தாண்டிப் பாடுனது.

இதச் சொன்னதும் அக்காவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவங்க சொன்னத முடிஞ்சவரைக்கும் அப்படியே எழுதுறேன். ரிசல்ட் பாசிட்டிவ்னு சொன்னதும் எங்ககிட்ட வர்றவங்க மொதல்ல கேக்குறது என்ன தெரியுமாடா, எத்தன நாளு மேடம்னுதான். வேற எதுவுமே அவங்களுக்குக் கேக்காது. மாத்திரை இருக்கு, ஃப்ரீயாக் குடுக்குறோம், ஒழுங்காச் சாப்பிட்டா வேலைக்குப் போலாம், கல்யாணம் பண்ணலாம், புள்ளைக்கு வராம பாத்துக்கலாம்னு திரும்பத் திரும்பச் சொல்லி அந்தக் கேள்விய மனசுல இருந்து எடுக்குறதுக்கே எங்களுக்கு மாசக் கணக்கா ஆகுது. இந்தப் படம் என்ன பண்ணிருச்சு, டாக்டர் ரூமு, அழுகை, ஒரே ஒரு கச்சேரி, அப்புறம் 1991-ல செத்துட்டாருன்னு எழுத்து போட்டுட்டான். நடுவுல ஒண்ணுமே இல்ல. பாக்குறவனுக்கு என்ன பதியும்? தெரிஞ்சுச்சுன்னா அதோட சரி, அதான் பதியும்.

கீபோர்டு அண்ணே, சினிமான்னா அப்படித்தான தாயி, கிளைமாக்ஸு வேணும்லன்னு சொல்லிப் பாத்தாரு. அக்கா விடல. வேணும்னா நெசமான கிளைமாக்ஸ் இருக்கேண்ணே, அத ஏன் எடுக்கலன்னாங்க.

இருக்கு, அதான் எனக்கும் ஆத்தாமை. தெரிஞ்ச அதே 1987-ல ஸ்பெயின் ஓப்பரா பாடகி மோன்செராட் கபாயேவோட சேர்ந்து பார்சிலோனா பாட்ட வெளியிட்டாரு, அடுத்த வருஷம் முழு ஆல்பமே வந்துச்சு, ராக் பாட்டுக்காரன் ஒருத்தன் அப்பேர்ப்பட்ட ஓப்பராக் கொரலு பக்கத்துல நின்னு பாடியிருக்கான். 1989-ல குயீனோட ஒரு ஆல்பம், 1991 பிப்ரவரியில இன்னொண்ணு. தி ஷோ மஸ்ட் கோ ஆன் பாட்டு ரெக்கார்ட் பண்ணும்போது ஒடம்பு அம்புட்டு மெலிஞ்சு போயிருச்சு, இந்த உச்சத்தப் பாட முடியுமான்னு குயீன்ல கிட்டார் வாசிக்கிற பிரையன் மே தயங்கியிருக்காரு, இவரு கொஞ்சம் வோட்காவ ஊத்திக் குடிச்சுட்டு உள்ள போயிப் பாடிக் குடுத்துட்டாருன்னு பிரையன் மேயே சொல்லியிருக்காரு. 1991 மே மாசம் ஸ்விட்சர்லாந்து மோந்த்ரூ ஸ்டுடியோவுல மதர் லவ் பாட்டு, அதுல கடைசிச் சரணத்துக்கு முன்னாடி போதும், அப்புறம் வந்து பாடுறேன்னு கெளம்புனவரு திரும்ப வரல, அந்தச் சரணத்த பிரையன் மேதான் பாடியிருக்காரு. நவம்பர் 23-ம் தேதி தனக்கு எய்ட்ஸ் இருக்குன்னு அறிக்கை குடுத்தாரு, மறுநாளே போயிட்டாரு, 45 வயசு. இம்புட்டையும் வெச்சுக்கிட்டு ஒருத்தன் 1985-லயே படத்த முடிப்பானா?

அந்தக் காலம் எப்பேர்ப்பட்ட காலம்னும் யோசிங்க. நம்ம சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் இந்தியாவுலயே மொத தடவையா எச்ஐவி இருக்குன்னு கண்டுபிடிச்சது 1986-லதான். மொத மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கெடச்சதே 1987-ல, இப்ப உசுரக் காப்பாத்துற மூணு மருந்துக் கூட்டு வந்தது 1996-ல. ஃப்ரெட்டி அஞ்சு வருஷத்துல தவற விட்டுட்டாரு. நம்ம நாட்டுல 2004-ல இருந்து கவர்மென்டு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம், நம்ம மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலயும் அந்த மருந்து குடுக்குற ஏஆர்டி சென்டர் இருக்கு. ஒழுங்கா மாத்திரை எடுத்து ரத்தத்துல கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எறங்கிருச்சுன்னா ஒடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவுறதே இல்ல. அக்கா இந்த ஒத்த வரிய மாடியில இருந்த அத்தன பேருக்கும் ரெண்டு தடவ சொன்னாங்க, பேடு மாமாவுக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்.

எல்லாம் முடிஞ்சு சாமான எறக்கும்போது அப்பா, ரிசல்ட்டு தெரிஞ்சப்புறம் அந்தாளு பாடுனதையெல்லாம் வரிசையாப் போடு, கேப்போம்னாரு. பார்சிலோனா பாட்டுக்கு அம்மாவும் வந்து உக்காந்துட்டாங்க, இந்தக் கொரலுக்காடா அந்தம்மா எறங்கி வந்து பாடுனாங்கன்னு கேட்டாங்க.

நீங்க இனிமேத்தான் படம் பாக்கப் போறீங்கன்னா ஒண்ணு சொல்றேன். லைவ் எய்டு முடிஞ்சு எழுத்து ஓட ஆரம்பிச்சதும் ஆஃப் பண்ணிராதீங்க. மொதல்ல டோன்ட் ஸ்டாப் மீ நவ் பாட்டோட நெசமான ஃப்ரெட்டியே வருவாரு, அது முடிஞ்சு வெறும் பேரா ஓடும்போது பின்னாடி ஓடுறதுதான் தி ஷோ மஸ்ட் கோ ஆன். பெரும்பாலும் அந்த நேரத்துக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போயிருப்பாங்க. ரிசல்ட்டு தெரிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, 1990-ல பாடுன பாட்டு அது, உக்காந்து முழுசாக் கேளுங்க, முடிஞ்சா நல்ல ஸ்பீக்கர்ல.