சுகருக்குப் பயந்து சப்பாத்தி சாப்பிட்டேன், கால் தடுமாறியது

குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, இருபது வருஷமாக நானேதான் பால் வெட்டுகிறேன். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் கால் தானாக மரத்துக்கு மரம் போகும். அந்தக் கால்தான் முதலில் சொன்ன பேச்சு கேட்காமல் போனது. பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது, இருட்டில் சரிவில் நிற்கவே முடியவில்லை, ஒரு நாள் கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் போய் இறங்கிவிட்டது. அந்த மரத்தில் அந்தக் காயம் இப்போதும் முண்டாக இருக்கிறது.

சுகர்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2 தான், சர்க்கரை நோய் என்று சொல்கிற எல்லைக்குக் கீழேதான், ஆனாலும் பயந்துபோய் ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினேன், காலையில் கோதுமை தோசை. ஒரு வருஷம் அப்படி. தடுமாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. பக்கத்து டாக்டர் நரம்புக்கு வைட்டமின் மாத்திரை எழுதிக்கொண்டே இருந்தார். சர்ச்சுக்குப் போகிற வழியில் ஒருத்தர், காலையிலேயே குடியா என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டார். அவள் அன்றைக்கு அழுததை மறக்க முடியாது.

அப்புறம்தான் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், நாலாவது அடியில் சுவரைப் பிடித்தேன். ஸ்கேனில், தடுமாறாமல் நடக்க வைக்கிற சிறுமூளை லேசாகச் சுருங்கியிருந்தது. வைட்டமின் பி12, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கவே, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பு ஏதாவது செய்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாதே என்றேன். வயிறு நன்றாக இருந்தும் நரம்பில் மட்டும் காட்டுகிறவர்கள் உண்டாம்; உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுமூளையையும் கால் நரம்புகளையும் தாக்கிவிடுகிறதாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு டாக்டர்கள் 1996-லேயே இதை எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்றைக்கே கோதுமையை நிறுத்துகிறேன் என்றேன், டாக்டர் சத்தம் போட்டார். ரத்தப் பரிசோதனையும், குழாய் விட்டுக் குடலைப் பார்த்துச் சதை எடுக்கிற எண்டோஸ்கோப்பியும் முடியும்வரை சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முன்கூட்டி நிறுத்தினால் ரிசல்ட் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். சந்தேகம் உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்துவிடாதீர்கள். எனக்கு ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள் நிறைய இருந்தது, குடல் சதையில் கொஞ்சம்தான் மாற்றம்.

கோதுமையை நிறுத்துவது நம் ஊரில் கஷ்டமில்லை என்று நினைத்தேன். மரச்சீனி, மீன் குழம்பு, அரிசிப் புட்டு, ஆப்பம் இருக்கும்போது என்ன குறை? ஆனால் மூன்று மாதம் கழித்தும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. மனைவி அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பின்பக்கம் படித்தாள். கடைசியில் பிடிபட்டது பெருங்காயம். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோதான் பெரும்பாலும் கலந்திருக்கிறது, நாங்கள் தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அதைப் போட்டுக்கொண்டிருந்தோம்! மைதாவில் முக்கிப் பொரிக்கிற டீக்கடைப் பழம்பொரியையும் விட்டேன். கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்துக்கு இப்போது அரிசி மாவில் மட்டும்தான் முக்கி எடுக்கிறாள்.

மனசுக்குப் பாரமாக இருந்தது சர்ச்சில் நன்மை, அதாவது நற்கருணை வாங்குவதுதான். அப்பமும் கோதுமைதானே. ஃபாதரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திராட்சை இரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான், சபையில் அதற்கு அனுமதி உண்டு என்று சொல்லி, எனக்கென்று தனிக் கிண்ணம் வைத்தார். முதல் ஞாயிறு அதைக் கையில் வாங்கியபோது கிண்ணம் ஆடியது, அவரும் கூடவே பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. பாதத்தில் அந்த ஊர்கிற உணர்வு பாதிக்கு மேல் போய்விட்டது, நேர்கோட்டில் பத்து அடி வைக்கிறேன். சிறுமூளையில் செத்துப்போன செல் திரும்ப முளைக்காது, அதனால் இருந்ததைக் காப்பாற்றுவதுதான் இனி வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டார், தாமதமானதுதான் எனக்கு வருத்தம். பால் வெட்ட மறுபடியும் போகிறேன், ஆனால் தரை கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வந்த பிறகுதான். வெயில் ஏறினால் பால் குறையும், பால் பிடிக்கிற சிரட்டை முன்போல நிறைவதில்லை, பரவாயில்லை.