கொட்டை எடுத்த புளி

செமினார் பட்டியலில் என் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. முன்னால் எட்டுப் பேர் இருக்கிறார்களே என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பாவிகள், இரண்டே நாளில் ஏழு பேர் முடித்துவிட்டார்கள்.

எனக்கு வந்த தலைப்பு, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போனது. "தருமபுரிப் பெண்ணுக்கு இதைவிடச் சுலபமான தலைப்பு உண்டா?" என்றார் பேராசிரியை. உண்மைதான். அன்றைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான்கோட்டையைத் தாண்டித்தான் என் அத்தை வீட்டுக்கே போக வேண்டும். ஆனால் எதிரி அரசனின் ஆயுதசாலையில் நின்று அஞ்சாமல் பேசியவளின் கதையை, வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' சொல்லவே குரல் நடுங்குகிற நான் அல்லவா சொல்ல வேண்டும்?

கண்ணாடி முன் பேசிப் பழகு என்றாள் தோழி. பழகினேன். கண்ணாடியில் இருந்தவளும் சேர்ந்து நடுங்கினாள்.

கடைசியில் ஆயாதான் திண்ணைக்குக் கூப்பிட்டாள். பிப்ரவரி மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை புளி குவிந்திருக்கும். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. ஆயாவோடு நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டிருக்க, நான் நடுவில் நின்று பேசினேன். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததைச் சொன்னதும் தட்டுகிற சத்தம் நின்றது.

"நீண்ட நாள் வாழவைக்கும் கனியை ஔவைக்குக் கொடுத்துவிட்டான், சரி. வீட்டில் இருந்தவளுக்கு அது தெரியுமா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அத்தை.

அதற்கு என் குறிப்பில் பதில் இல்லை. அன்றைய ஒத்திகை அதோடு முடிந்தது; அதியமான் வீட்டுச் சண்டையை அவர்களே நடத்தி முடித்தார்கள். மூன்றாம் நாள் நான் ஒரு வரியை மறந்தால் ஐந்து பேரும் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். என் தாள்தான் புளிக்கறை பட்டு, ஓரம் கிழிந்து, பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்கு முன்னால் பேசியவள் புரொஜெக்டரில் பூக்கள் பறக்க, மயிலிறகு விரிய அசத்தினாள். அடுத்து நான். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும். சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். எனக்கு ஓடத்தான் தோன்றியது. கதவருகில் பேராசிரியை உட்கார்ந்திருந்தார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆயா காலையில் கைக்குட்டையில் முடிந்து கொடுத்த புளி நினைவுக்கு வந்தது. "வாய் உலர்ந்தால் ஒரு துண்டு போட்டுக்கொள், எச்சில் தானாக ஊறும்." திரும்பி நின்று கரும்பலகையில் தலைப்பை எழுதுகிற சாக்கில் வாயில் போட்டுக்கொண்டேன். ஊறியது. பேச்சும் வந்தது.

தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். அவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று காவல்மனையில் இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. இதைச் சொல்லும்போது என் கண் புரொஜெக்டர் பக்கம் போனதும், புளிக்கறைத் தாளைச் சற்றே உயர்த்திப் பிடித்ததும் வேண்டுமென்று செய்ததல்ல. சரி, கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

அந்த மிதப்பில், "தொண்டைமான் வெட்கினான்" என்று அழுத்திச் சொன்னேன். 'தொ'வில் வாயிலிருந்து ஒரு புளியங்கொட்டை தெறித்துப் போய் முதல் பெஞ்சில் விழுந்து, உருண்டு, பேராசிரியையின் காலடியில் நின்றது.

வகுப்பே சிரித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் நானும் சிரித்தேன். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? மிச்சத்தைத் தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்து, அத்தையின் கேள்வியையும் வகுப்பில் போட்டேன். மணி அடித்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை.

சாயங்காலம் ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண் எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை.

"கொட்டையா? நான் எடுத்த புளியிலா?" என்று முகம் சிவந்து, பக்கத்து வீட்டு அத்தையின் குவியலை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.